முதல் கைத்துப்பாக்கி எது? வட சிலாங்கூர் தோட்டத்து மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தாமான்களிலும் எஞ்சியிருக்கும் லயங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு,



தெருமுனையில் யாரோ ஒரு அக்காவின் தாலிச் சங்கிலி பறிபோன மறுநாள் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். மோட்டாரில் வந்தவர்கள் எத்தனை பேர், நம்பரை யாராவது பார்த்தார்களா, அந்த விளக்குக் கம்பம் எரிந்ததா இல்லையா. இப்போது அதோடு புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: "ஆளுக்கொரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?" கைப்பேசியில் அமெரிக்கக் காணொளி பார்ப்பவர்களிடம் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். பழக்கமில்லாத ஆள், பயந்த சுபாவம், முதன்முதலாக வாங்குகிறார். அவருக்கு எது சரிப்படும்?

கேட்டவரைச் சிரித்து மடக்கிவிடலாம். ஆனால் இரவு வேலை முடிந்து செம்பனைக்கு நடுவே இருட்டில் மோட்டார் ஓட்டி வரும் பெண்ணுக்கோ, பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போய்விட்டதால் தனித்துத் தங்கிவிட்ட முதிய தம்பதிக்கோ அது சிரிப்பல்ல. அதனால் கேள்வியை அது பிறந்த ஊரின் கணக்கிலேயே முதலில் எடுத்துப் பார்க்கலாம்.

துப்பாக்கி கடையில் விற்கும் நாடுகளில் பயிற்சியாளர்கள் புதியவர் முன் இரண்டு வகையை வைக்கிறார்கள். ஒன்று ரிவால்வர். சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ தோட்டா. விசையை இழுத்தால் சுடும். கருவியில் குழப்பம் குறைவு என்பதால் பயந்தவருக்கு இதுவே ஏற்றது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் விசையை முழுதாக இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ பளு தூக்கும் விரல் வலு வேண்டும். நடுங்கும் கை அவ்வளவு அழுத்தி இழுக்கும்போது குழல் குறியைவிட்டு நகர்ந்துவிடும். மற்றது பிஸ்டல், பெரும்பாலும் 9 மில்லிமீட்டர். பிடியில் செருகும் மேகசினில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிடத் தெரிய வேண்டும், தோட்டா சிக்கினால் சிக்கெடுக்கத் தெரிய வேண்டும். மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பது இரத்தத்தில் ஊற வேண்டும். "காலித் துப்பாக்கி" என்று நினைத்தது வெடித்த கதைகளில் பலவும் அந்த ஒற்றைத் தோட்டாவின் கதைகளே.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்ற நினைப்பும் தவறு. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். கைப்பைக்குள் அடங்கும் குட்டி ரிவால்வர், அனுபவசாலிகளே அதிகம் சுட விரும்பாத ஒன்று. உதைப்பு குறைவான .22 பிஸ்டல் பழகுவதற்கு நல்லது; ஆனால் அதன் தோட்டாக்கள் வெடிக்காமல் போவது மற்ற வகைகளைவிட அதிகம். அதோடு சத்தம். கைத்துப்பாக்கியின் ஓசை 160 டெசிபல் அளவில் இருக்கும். நான்கு சுவருக்குள் காதுமூடி இல்லாமல் ஒருமுறை கேட்டால் செவிக்கு நிரந்தரச் சேதம் வரலாம். ஆக, வெவ்வேறு துப்பாக்கிகளைப் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும், மாதாமாதம் பழக வேண்டும், பூட்டி வைக்க வேண்டும் என்பதே நேர்மையான பயிற்சியாளரின் பதில். பயம் போக வாங்குகிற பொருள் முதலில் பழக்கத்தைக் கேட்கிறது.

நேரத்தையும் கேட்கிறது. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் அதிகாரி டென்னிஸ் டூலர் ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டினார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி; பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறத்தாழ அதே நேரம். சிலம்பம் பழகும் பிள்ளைகளுக்கு ஆசான் கம்பைக் கொடுக்கும் முன்பே காலடி கற்றுத்தருவது ஏன் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். பின்னால் வந்து கைப்பையை இழுத்துக்கொண்டு போகும் மோட்டார்க்காரன் ஒன்றரை விநாடிகூடத் தருவதில்லை. 2013 ஜூலை 27 அன்று நெகிரி செம்பிலானின் பகாவ் நகரில், குற்றக் கண்காணிப்பு அமைப்பான மைவாட்ச்சின் தலைவர் ஆர்.ஸ்ரீ சஞ்சீவன் போக்குவரத்து விளக்கில் நின்ற காரிலேயே மோட்டாரில் வந்தவர்களால் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து வங்கியாளர் உசேன் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டார். வேளையைத் தேர்ந்தெடுத்தது இரண்டிலும் சுட்டவன்தான்.

பயந்த புதியவருக்கென்றே செய்த துப்பாக்கியும் உண்டு. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் இந்திய அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற .32 ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்பது விளம்பரம். எடை 500 கிராம், கைப்பையில் அடங்கும். அன்றைய விலை 1,22,360 ரூபாய். மணிப்பூரில் துப்பாக்கிக்குக் கணவரை, மகனை இழந்த பெண்களோடு வேலை செய்துவந்த பினலட்சுமி நெப்ரம் அதைக் கடுமையாக எதிர்த்தார். காக்க வேண்டிய அரசு, காக்கும் பொறுப்பைப் பெண்ணின் கைப்பைக்குள் போட்டு விலையும் கேட்டது என்பதே எதிர்த்தவர்கள் பலரின் ஆற்றாமை. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர் பெரும்பாலும் இரவுப் பேருந்துக்குக் காத்து நிற்பவர் அல்லர்.

இனி நம் ஊர்.

மலேசியாவில் "எதை வாங்குவது" என்று தொடங்கவே முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு. லைசென்ஸ் காவல் துறையின் கையில், கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. ஏன் தேவை என்பதை மெய்ப்பிக்க வேண்டும், கிடைத்தாலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிராமப்புறத்தில் பலரும் கண்டிருப்பது, காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வைத்திருக்கும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் நீளத் துப்பாக்கியைத்தான். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி என்பது இந்நாட்டில் மிகச் சிலருக்கே வாய்த்த விதிவிலக்கு.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு போட்டால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அந்தச் சட்டம் பட்டியலிட்ட ஒரு குற்றத்தைச் செய்யும்போது, கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால் யாருக்கும் காயம் இல்லையென்றாலும் முன்பு தூக்கு கட்டாயம். 2023 ஜூலை 4 முதல் தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம். "உண்மைத் துப்பாக்கி வேண்டாம், இணையத்தில் பொம்மை மாதிரி ஒன்று வாங்கிக் காட்டி மிரட்டலாம்" என்ற யோசனைக்கும் கதவு மூடியே இருக்கிறது. போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் அதே ஆயுதச் சட்டத்தில் குற்றம்.

இந்தக் கடுமை வானத்திலிருந்து விழவில்லை. அதன் வேர் நம் ரப்பர் காடுகளில் இருக்கிறது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. துரை பங்களாவைச் சுற்றி முள்வேலியும் மணல் மூட்டையும் வந்தன. துரையின் இடுப்பில் பிஸ்டல், காரில் ஸ்டென் கன், வாசலில் சிறப்புக் காவலர்கள். லயத்துக்கும் வேலி வந்தது. அதற்குள் இருந்த பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கிடைத்தது ஓர் அடையாள அட்டை. இரவில் காட்டிலிருந்து வருபவன் அரிசி கேட்பான், பகலில் வருபவன் "யாருக்கு அரிசி கொடுத்தாய்?" என்று கேட்பான். இருவர் கையிலும் துப்பாக்கி இருந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அவசரகால விதியில் தூக்கு.

அந்த விதியின் கயிறு ஒரு தமிழர் கழுத்தில் விழுந்தது. தஞ்சைச் சீமையின் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளம் வயதில் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, பின்னர் அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ.கணபதி. சம்மேளனத்தின் பதிவை 1948இல் அரசு ரத்து செய்தது. 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கத்து வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டபோது கையில் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. கோல சிலாங்கூரிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம்தான் அந்த இடம். அந்த மாதமே வழக்கு, அந்த மாதமே தீர்ப்பு. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தமிழ்நாட்டில் மு.கருணாநிதி "கயிற்றில் தொங்கிய கணபதி" என்று ஒரு நூலே எழுதினார்.

அவர் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்றும் உண்டு. இந்த மடலுக்கு வேண்டியது அவர் சொன்ன பதில் மட்டும். வழியில் கிடந்த ரிவால்வரை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் நம்பவில்லை.

ஜொகூரில் சம்பாசிவம் என்ற இன்னொரு தமிழருக்கும் அதே காலத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தூக்கு விதித்தார்கள். 1948 செப்டம்பரில் நடந்த கைகலப்பில் பாராங் வெட்டு வாங்கிய நிலையில் பிடிபட்டவர். தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டு மட்டும் மறு விசாரணைக்குப் போனது. இரண்டாம் விசாரணையில், தோட்டாவும் வைத்திருந்ததாகச் சொல்லும் ஒரு வாக்குமூலத்தையே அரசுத் தரப்பு ஆதாரமாக்கியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. ஒருமுறை விடுதலையான குற்றச்சாட்டை மறுபடி சுற்றி வந்து நிலைநாட்ட முடியாது என்று கூறி 1950இல் தண்டனையை நீக்கினார்கள். அந்தத் தீர்ப்பு இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர்களின் பாடம். ஒருவர் தொங்கினார், ஒருவர் தப்பினார். இடையில் இருந்தது வழக்கறிஞர், கடல் கடந்த மேல்முறையீடு, காலம். ஒரு துப்பாக்கி வழக்கில் இவை மூன்றும் எல்லோருக்கும் அமைவதில்லை.

துப்பாக்கி சூழ இருந்தவர்களாவது பத்திரமாக இருந்தார்களா? 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஆணையர் சர் ஹென்றி கர்னி, கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில் பதுங்கித் தாக்கப்பட்டார். மலாயாவின் மிக உயர்ந்த அதிகாரி, ரோல்ஸ் ராய்ஸ் கார், ஆயுதக் காவல். பதுங்கியிருந்தவர்கள் சுடத் தொடங்கிய சில நிமிடங்களில் அவர் சாலையோரம் கிடந்தார்.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூக்கு விதித்தார்கள். நாடே அதிர்ந்தது, தண்டனை நிறைவேறவில்லை. அந்தச் சட்டம் 2012இல் போய்விட்டது. துப்பாக்கியை அரசு பார்க்கும் பார்வை மட்டும் பெரிதாக மாறவில்லை.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும்? 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்றவன் வெளியிலிருந்து வந்த கொள்ளையன் அல்லன். வங்கியைக் காக்கத் துப்பாக்கி கொடுத்து நிறுத்திய காவலாளி. வீட்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. 1993இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெல்லர்மன் குழு வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நேரும் அபாயம் இல்லாத வீட்டைப் போல 2.7 மடங்கு. கொன்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தாரும் பழகியவர்களும். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்வது, வைத்திராத ஆண்களைப் போல ஏறத்தாழ 8 மடங்கு; பெண்களில் அது 35 மடங்கு.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்து மக்களுக்கு அமெரிக்கா தேவையில்லை. களைக்கொல்லி போத்தல் கொட்டகையில் கிடந்த காலத்தில், ஒரு மாலைச் சண்டை, ஒரு வெறுப்பு, மறுநாள் காலை சாவு வீடு என்று முடிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மருந்து தெளிக்கும் பெண்களுக்காக ஐரீன் ஃபெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு நெடுங்காலம் குரல் கொடுத்தது. 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நாடு தடை செய்தது. இலங்கை அதற்கு முன்பே கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தது. அங்கே தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கோபமும் விரக்தியும் அப்படியேதான் இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் போத்தல் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் அலமாரிக்குள் ஒரு பிஸ்டலை வைத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் பயந்தவர் என்ன செய்வது?

சட்டம் அவரைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தன் உடலையும், பிறர் உடலையும், உடைமையையும் காக்கலாம்; கொள்ளையும் இரவில் வீடு உடைத்து நுழைவதும் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் தருணங்கள். இரண்டு எல்லைகள் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. காவலரை நாட நேரம் இருந்தால் நாட வேண்டும். திருடன் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது, வழக்கு அடித்தவர் மேல் திரும்பும்.

மற்றது வாழ்முறை. லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே கூரை, சுவர் மெல்லிசு. ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் நாலு வீட்டில் "என்னா சத்தம்?" என்று கேட்பார்கள். புதிய முகம் வந்தால் குழாயடியிலிருந்து மண்டோர் வீடு வரை தெரிந்துவிடும். அங்கே வறுமையும் வேலியும் இருந்தன, யாரும் அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டம் கைமாறி, வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்து, குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்தபோது அந்தப் பத்து வீட்டுக் காதும் கலைந்துபோயிற்று. ஆளுக்கொரு கிரில், ஆளுக்கொரு பூட்டு, பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண் யாரிடமும் இல்லை. துப்பாக்கி ஆசை அந்த வெற்றிடத்தில்தான் முளைக்கிறது.

அதை நிரப்ப வழிகள் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவும், அதன் கீழ் இயங்கும் தன்னார்வ ரோந்துப் படையும் டார்ச் விளக்கோடும் விசிலோடும் நடப்பவர்கள். அவர்கள் நடக்கும் தெரு திருடனுக்கு வசதிப்படாது. தமிழர்கள் அதிகம் வாழும் தெருக்களில் எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்பும் அதே குழுவில், இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்பும் பெண் "கிளம்பிட்டேன்" என்று ஒரு சொல் போட, இருபது நிமிடத்தில் வந்து சேராவிட்டால் இரண்டு பேர் எதிர்கொண்டு போகலாம். மோட்டாரில் போகும்போது பை இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். சந்தைக்கும் பசாருக்கும் மஞ்சள் கயிறு போதும். தங்கம் திருமணத்துக்கு வெளியே வரட்டும். பின்கதவுத் தாழ்ப்பாளின் ஆணி அரை அங்குலம்தான் மரத்தில் இறங்கியிருந்தால் ஓர் உதையில் கழன்றுவிடும். நீள ஆணிக்குச் சில வெள்ளிதான் செலவு. கிரில் சாவி வெளியிலிருந்து எட்டாத, ஆனால் நெருப்புப் பிடித்தால் குழந்தைக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். இயக்கம் கண்டு எரியும் சோலார் விளக்கு ஒன்று, நகராண்மைக் கழக லைசென்ஸோடு குரைக்கும் நாய் ஒன்று. திருடன் உள்ளே வந்துவிட்டால் ஒரே அறைக்குள் எல்லோரும் போய்த் தாழிட்டு, 999ஐ அழைத்து, முகவரியை மலாயில் தடுமாறாமல் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள பாட்டியையும் அந்த முகவரியை மனப்பாடம் செய்ய வைக்கலாம்.

சுட்டே பழக வேண்டும் என்று உண்மையாகவே ஆர்வமுள்ள இளையோருக்கு, சட்டம் ஒப்பும் துப்பாக்கிச் சுடும் சங்கங்கள் நாட்டில் உண்டு. கருவி சங்கத்தின் காவலில், பயிற்றுநர் பக்கத்தில். அது விளையாட்டு, அதை வீட்டு அலமாரிக்குக் கொண்டுவர முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குறிப்பாக வடிகால் வெட்டுபவர்களுக்கும் பழைய மரம் சாய்த்து மறுநடவு செய்யும் இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும். ஜப்பானியர் காலமும் அவசரகாலமும் கடந்த மண் இது. மண்வெட்டியில் துருப்பிடித்த தோட்டாவோ, குண்டோ, துப்பாக்கியோ தட்டுப்பட்டால் எடுத்துத் துடைக்க வேண்டாம், மோட்டார் கூடையில் போட்டு நல்லெண்ணத்தோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, எட்டி நின்று, பக்கத்தில் இருப்பவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, 999க்குச் சொல்லுங்கள். காவலர் வந்து எடுக்கட்டும்.

அன்புடன்,
பழைய லயத்துப் பிள்ளை ஒருவர்